டொக்டரின் கடிதமும் வட்ஸ்அப் வைத்தியமும்

அமெரிக்காவில் ஒரு வியாபாரம் முப்பது வருடங்களாக மெல்ல மெல்ல வளர்ந்து வந்திருக்கிறது. ‘கொன்சியேர்ஜ்’ வைத்தியம் என்று அதற்குப் பெயர். பெரிய ஹோட்டல்களில் விருந்தாளிக்கு டிக்கட் எடுத்துக் கொடுப்பது முதல் வாகனம் பிடித்துக் கொடுப்பது வரை எல்லாவற்றையும் கவனிக்க முன்வாசலில் ஒருவர் இருப்பாரே, அவரைத்தான் கொன்சியேர்ஜ் என்பார்கள். வருடத்துக்கு இவ்வளவு என்று சந்தா கட்டிவிட்டால் ஒரு வைத்தியர் உங்கள் குடும்பத்துக்கு அப்படி இருப்பார். இரவிலும் தொலைபேசியில் கிடைப்பார். அன்றைக்கே அல்லது மறுநாளே பார்ப்பார். அவசரப்படாமல் அரை மணித்தியாலம் உட்கார்ந்து பேசுவார்.

1996இல் சியாட்டில் நகரில் ஹவார்ட் மேரன் என்ற வைத்தியர் இதைத் தொடங்கினார். அதற்கு முன்னர் அவர் அந்த ஊர்க் கூடைப்பந்து அணியின் வைத்தியராக இருந்தவர். விளையாட்டு வீரருக்குக் கிடைக்கும் கவனிப்பைப் பணக்காரக் குடும்பங்களுக்கும் விற்கலாம் என்று கண்டுகொண்டார். ஒரு வைத்தியருக்கு ஐம்பது குடும்பம் மட்டுமே என்பது அவரது கணக்கு. 2000இல் புளோரிடாவில் எம்.டி.வி.ஐ.பி. என்ற கம்பனி வந்தது. அது கொஞ்சம் மலிவுச் சரக்கு: ஒரு வைத்தியருக்கு 600 பேர், ஆளுக்கு வருடம் 1,500 டொலர் அளவில். சவர்க்காரத் தூளும் பம்பர்ஸும் விற்கின்ற புரொக்டர் அன்ட் கேம்பிள் கம்பனி 2009இல் அதை வாங்கி 2014இல் விற்றுவிட்டது. எமது கடைத் தட்டுகளிலும் அந்தக் கம்பனியின் சாமான் கிடக்கிறது. 2023இல் அமேசன் நிறுவனம் வன் மெடிக்கல் என்ற சந்தா வைத்திய நிறுவனத்தை 3.9 பில்லியன் டொலர் கொடுத்து வாங்கியது. இவர்கள் ஒன்றும் புண்ணியத்துக்குப் பணம் போடுகிறவர்கள் அல்லர். ஆகவே, இதில் என்ன விலைபோகிறது என்று ஒரு வியாபாரி கேட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

மருந்து விலைபோகவில்லை. சத்திர சிகிச்சையும் இல்லை. ஆஸ்பத்திரியில் படுத்தால் அந்த பில் வேறு; அதற்கு இன்ஷுரன்ஸ் வேண்டும். சந்தாப் பணம் போவது வைத்தியரின் நேரத்துக்கும் ஞாபகத்துக்கும்தான்.

இதை நான் விளங்கிக்கொண்டது நியூ ஜெர்சியில் வசிக்கும் என் சகோதரியின் மகன் மூலம். அவர் குடும்பம் இப்படியொரு வைத்தியரிடம் பதிவு செய்திருக்கிறது. மச்சானும் அவர்களோடுதான் இருக்கிறார், சீனி வருத்தக்காரர். அந்த வைத்தியர் மாதம் ஒருமுறை அளவில் குடும்பத்துக்கு மின்னஞ்சலில் ஒரு கடிதம் அனுப்புவார். எனக்கும் சிலதைக் காட்டினார்கள். குளிர்காலம் வருகிறது, பிள்ளைகளுக்கும் வாப்பாவுக்கும் காய்ச்சல் தடுப்பூசி இந்த மாதமே போடுங்கள் என்று ஒன்று. மச்சானின் மூன்று மாதச் சீனிக் கணக்குப் பரிசோதனை பிந்திவிட்டது, கண் வைத்தியரிடம் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது என்று இன்னொன்று. நோன்புக்கு இரண்டு மாதம் இருக்கையில் வந்த கடிதம்தான் எனக்குப் பிடித்தது. அவர் எந்த மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்ற வேண்டும், நோன்பு பிடிக்கும் அளவுக்குச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும், இப்போதே வாருங்கள் என்றிருந்தது. அந்த வைத்தியர் முஸ்லிம் அல்லர். இந்த வீட்டில் நோன்பு பிடிக்கிறார்கள் என்று கோப்பில் எழுதி வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

இனி எமது கைத்தொலைபேசிகளைத் திறந்து பார்ப்போம். எமக்கும் தினமும் சுகாதாரச் செய்திகள் வருகின்றன, குறையே இல்லை. வெண்டிக்காய் ஊறவைத்த தண்ணீரில் சீனி வருத்தம் போய்விடுமாம். நெஞ்சு வலித்தால் பலமாக இருமிக்கொண்டே இருந்தால் மாரடைப்பு நின்றுவிடுமாம். இருமிக்கொண்டிருக்கின்ற நேரத்தில் 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அதை எவரும் அனுப்புவதில்லை. செய்தி அனுப்புகின்றவருக்கு உங்கள் பெயர் தெரியாது, உங்கள் பிரஷர் எவ்வளவு என்று தெரியாது, நீங்கள் என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்றும் தெரியாது. ஆயிரம் பேருக்கு ஒரே சட்டை தைத்து அனுப்புகிறார். அளவெடுத்துத் தைத்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் துணிக்கடைக்காரருக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரி. பெயர் வேண்டாம். ஐம்பத்திரண்டு வயது. ஆறேழு வருடத்துக்கு முன்னர் ஒரு வைத்தியர் எழுதிக் கொடுத்த துண்டைக் காட்டியே பாமசியில் பிரஷர் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். கடையில் சீசன் முடியட்டும், கொள்கலன் வந்து இறங்கட்டும் என்று பரிசோதனை தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் கால் வீங்கிப் போய்ப் பார்த்தபோது சிறுநீரகம் பெருமளவு போய்விட்டது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு. கடையில் அவர் இல்லையென்றதும் கடன் கொடுத்தவர்கள் வந்து நின்றார்கள். திகதி போட்டுக் கொடுத்த காசோலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. பிள்ளைகளுக்கு யாரிடம் எவ்வளவு வரவேண்டும் என்பதும் தெரியாது. மேல்மாடியை விற்றார்கள், பிறகு கடையையும் கொடுத்தார்கள். மாத்திரை போட்டுக்கொண்டுதானே இருந்தேன் என்று அவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அவரைப் பார்த்த வைத்தியர்கள் பலர்; அவருடைய கணக்கைத் தொடர்ந்து வைத்திருந்த வைத்தியர் ஒருவருமில்லை.

இது அவர் ஒருவர் கதையல்ல. இந்த நாட்டில் நிகழும் மரணங்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை இருதய நோய், சீனி வருத்தம், புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களால்தான். நாமோ சீனிக்கு ஒரு வைத்தியரைச் சனல் பண்ணுகிறோம், பிரஷருக்கு இன்னொருவரை, முழங்காலுக்கு வேறொருவரை. நாற்பதாம் இலக்கத்துக்காக இரவு பத்து மணி வரை காத்திருந்து ஐந்து நிமிடம் காட்டிவிட்டு வருகிறோம். றிப்போட்டுகள் எல்லாம் ஒரு பொலித்தீன் பையில் அலுமாரிக்கு மேலே கிடக்கும். அந்தப் பையை முழுதாகப் படித்துப் பார்த்த மனிதர் உலகத்தில் எவருமில்லை.

முன்னர் ஊருக்கு ஊர் டிஸ்பென்சரி டொக்டர் இருந்தார். எமது ஊர் டொக்டர் வாப்பாவுக்கு மருந்து கொடுக்கும்போதே, உம்மாவின் இருமல் எப்படி, சின்னவனுக்கு வயிற்றோட்டம் நின்றதா என்று கேட்பார். அந்தக் காலத்துக் கொன்சியேர்ஜ் அவர்தான், சந்தா இல்லாமலே. அப்படியானவர்கள் இன்றும் ஊர்களில் இருக்கிறார்கள். நாம்தான் அவர்களைத் தடிமன் காய்ச்சலுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்துவிட்டு, ‘பெரிய டொக்டர்’ தேடிக் கொழும்புக்கு ஓடுகிறோம்.

அமெரிக்கக்காரர் செய்வதை அப்படியே இங்கு இறக்குமதி செய்யலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அதில் ஒரு பெரிய குறை இருக்கிறது. ஈராயிரம் பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வைத்தியர் சந்தாவுக்கு மாறி 600 பேரோடு நிறுத்திக்கொண்டால், மிச்சப் பேர் எங்கே போவது? பணம் கட்ட முடியாதவர் வேறு வைத்தியரைத் தேட வேண்டும், அங்கே வரிசை இன்னும் நீளும். 2022 நெருக்கடிக்குப் பிறகு எமது நாட்டிலிருந்து எத்தனையோ வைத்தியர்கள் வெளிநாடு போய்விட்டார்கள். இருக்கின்றவரையும் காசு உள்ளவர் பூட்டி வைத்துக்கொண்டால் அது ஏழைக்குச் செய்யும் அநியாயம்.

ஆனால் வைத்தியரை வாங்காமல் அவருடைய சும்மா இருக்கும் நேரத்தை வாங்கலாம் அல்லவா? அநேகமான டிஸ்பென்சரிகளில் காலையிலும் மாலையிலும்தான் கூட்டம். பகல் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் ஆள் குறைவு. ஒரு தெருவில் அறுபது கடைகள் சேர்ந்து மாதம் 2,500 ரூபா போட்டால் 150,000 ரூபா. அந்த நேரத்தில் அவர் அறுபது குடும்பத்துக்கும் கோப்பு திறந்து எழுதட்டும். யாருக்கு எந்தப் பரிசோதனை எப்போது என்று பார்த்து, வீட்டுக்குத் தமிழில் ஒரு செய்தி அனுப்பட்டும். முதலாளியின் கைத்தொலைபேசிக்கு மட்டும் அனுப்பினால் வேலைக்காகாது, மனைவிக்கும் அனுப்ப வேண்டும். எமது ஆண்களைப் பற்றி எனக்குத் தெரியும். வழமையான நோயாளர் வரிசையில் எமக்கு முன்னுரிமை கேட்கக் கூடாது. கடையில் வேலை செய்கின்ற பையன்களும் சாமான் தூக்குகின்ற நாட்டாமிகளும் அந்தக் கோப்பில் இருக்க வேண்டும். அவர்களுக்கான பணத்தைக் கடை கட்டட்டும்.

பரிசோதனைச் செலவுக்குப் பயப்படுகின்றவர்களுக்கு ஒரு விடயம். அரசாங்கம் 2011இல் தொடங்கிய ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் நாடெங்கும் இருக்கின்றன. முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்த அழுத்தம், சீனி, நிறை, உயரம் எல்லாம் இலவசமாகப் பார்த்து, வரும் பத்து வருடத்தில் மாரடைப்பு, பாரிசவாதம் வரும் அபாயம் எவ்வளவு என்றும் கணக்கிட்டுச் சொல்வார்கள். பெண்களுக்கு 1996 முதல் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. ஆரோக்கிய வாழ்வு நிலையங்களுக்கு ஆண்கள் வருவது குறைவு என்று சுகாதாரத் துறையினரே கவலைப்படுகிறார்கள். கடை திறந்திருக்கும் நேரத்தில்தானே அதுவும் திறந்திருக்கிறது. வேலைத்தளங்களுக்கு வந்து பரிசோதிக்கின்ற ஏற்பாடும் அவர்களிடம் உண்டு. வர்த்தகர் சங்கம் எம்.ஓ.எச். அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, கடைத்தெருவுக்கே வரச் சொல்லிக் கேட்கலாம். மண்டபமும் கதிரையும் நாம் கொடுப்போம்.

இதைச் சில நண்பர்களிடம் பேசியபோது ஒருவர் மெதுவாகக் காதுக்குள் ஒரு சந்தேகம் கேட்டார். “எனக்கு நெஞ்சு வருத்தம் என்று கடைத்தெருவில் தெரிந்தால் நாளைக்கு யார் கடனுக்குச் சரக்குத் தருவார்?” இந்தப் பயம் பொய்யல்ல. பலர் வருத்தத்தை மறைப்பதற்குக் காரணமே இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஆகவே கோப்பு டொக்டரின் அலுமாரியை விட்டு வெளியே வரக்கூடாது. சங்கத்துப் பொருளாளருக்குத் தெரிய வேண்டியது யார் பணம் கட்டினார் என்பது மட்டும்தான். இதை எழுத்தில் போட்டு இரண்டு பக்கமும் கையொப்பமிட வேண்டும். எவராவது சங்கத் தலைவர் பட்டியலைக் காட்டுங்கள் என்று கேட்டால் டொக்டர் மறுக்க வேண்டும்.

எமது தெருச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை முன்வைக்கப் போகிறேன். அறுபது கடை வராது என்று எனக்குத் தெரியும். இருபது வந்தாலும் தொடங்கலாம், 50,000 ரூபாவுக்கு வாரத்தில் இரண்டு பகல் கேட்கலாம். முதல் வேலையாக, வரும் நோன்புக்கு இரண்டு மாதம் முன்னர், மாத்திரை போடுகின்ற ஒவ்வொருவரும் அந்தப் பொலித்தீன் பையை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கிக்கொண்டு வரவேண்டும்.