வாசலில் பூத்த உறவுகள்

நம் நாட்டில் கோடை என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. ஆனாலும் ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை குறைந்து வெயில் கொளுத்தும். சில ஆண்டுகளில் புகைமூட்டமும் சேர்ந்துகொள்ளும். 2019 செப்டம்பரில் அதற்காகப் பள்ளிகளையே மூடினார்கள். அக்டோபர் பிறந்ததும் மாலையில் இடியோடு மழை இறங்கும். தீபாவளிக்கு முன் வரும் அந்த மழையைப் பார்த்துத்தான் என் பாட்டி, "வெயில் காலம் முடிஞ்சிருச்சு" என்பார். நாள்காட்டியைப் பார்த்துச் சொல்ல மாட்டார். வாசலில் நின்ற நந்தியாவட்டையும் மல்லிகையும் துளிர்ப்பதைப் பார்த்துச் சொல்வார்.

எங்கள் வீடு கிள்ளானில் உள்ள ஒரு தாமானில் ஒட்டி ஒட்டிக் கட்டப்பட்ட வீடுகளில் ஒன்று. பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்து நிலம் வீடமைப்புத் திட்டத்திற்குப் போனபோது, லயத்து வீட்டு வாசலில் இருந்த செடிகளின் குச்சிகளை ஈரச் சாக்கில் சுற்றி எடுத்து வந்தாராம். கேட்டுக்கும் சுவருக்கும் இடையில் இருந்த கொஞ்சம் மண்ணில் அவற்றை ஊன்றினார். நந்தியாவட்டை, செம்பருத்தி, கனகாம்பரம், இட்லிப்பூ, மூலையில் ஒரு கருவேப்பிலை மரம் என்று அந்த இடம் நிறைந்தது.

நான் தமிழை எழுதப் படிக்கக் கற்றது தமிழ்ப்பள்ளியில். அதன்பின் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனேன். அங்கே தமிழ் என்பது வாரத்தில் சில பாட வேளைகள்தாம். ஆனால் பூக்களின் பெயர்களை நான் எந்தப் பள்ளியிலும் கற்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலைகளில் பாட்டி படியில் உட்கார்ந்து பூத் தொடுக்கும்போது அருகில் இருந்து கற்றேன். எங்கள் தெருமுனையில் ஒரு மரம் உண்டு. பாட்டி அதை மகிழமரம் என்பார். பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் அதன் பூவைப் 'பூங்கா தஞ்சோங்' என்பார். இருவரும் கேட்டருகே நின்று பேசியதில் எனக்கு இரண்டு பெயர்களும் கிடைத்தன. நம் செண்பகம் மலாயில் 'செம்பாக்கா' என்பதும் அங்கேதான் தெரிந்தது.

அந்தச் சிறு தோட்டம் எங்கள் வீட்டுக்கு மட்டும் சொந்தமானதாக இருக்கவில்லை. மக்சிக் மீன் கறிக்குக் கருவேப்பிலை பறிக்க வருவார். எங்களுக்குப் பாண்டான் இலை அவர் வீட்டிலிருந்து வரும். 2014-இல் சிலாங்கூரில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தபோது எனக்குப் பதினொரு வயது. இரண்டு நாள் தண்ணீர் வரும், இரண்டு நாள் வராது. பாட்டி அரிசி கழுவிய நீரைச் செடிகளுக்கு ஊற்றுவார். எதிர்வீட்டுச் சீன அங்கிள் தம் பீப்பாயில் பிடித்து வைத்த மழைநீரில் ஒரு வாளி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவதன்று. 2022-இல் எங்கள் வீட்டுக்கு இரண்டாவது கார் வந்தது. எனக்காக வாங்கிய கார் அது. அதை நிறுத்த இடமில்லை. "மண்ணை எடுத்துவிட்டு டைல்ஸ் போட்டுவிடலாம், கொசுத் தொல்லையும் இருக்காது" என்று அப்பாவிடம் சொன்னவன் நான். பாட்டி மறுத்து ஒன்றும் பேசவில்லை. தொட்டிக்கு மாறிய செடிகள் பின்கட்டுக்குப் போயின, ஒவ்வொன்றாகக் காய்ந்தன. வாசல் பளபளப்பானது. பாட்டிக்குக் காலையில் வெளியே வர வேலையில்லாமல் போனது.

2024-இல் ஒரு வேலை நாள். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். நான் விரிவுரையில் இருந்தேன். பாட்டி சமையலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். மாலையில் அம்மா வந்து கதவைத் திறக்கும் வரை அவர் அங்கேயே கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. செய்தி கேட்டு ஓடிவந்த மக்சிக் அழுதுகொண்டே சொன்னதை என்னால் மறக்க முடியாது. முன்பெல்லாம் காலையில் பாட்டியைக் குழாயடியில் காணவில்லை என்றால் உடனே வந்து குரல் கொடுப்பாராம். இப்போது பாட்டியை எப்போதுமே காண்பதில்லை. ஆகவே அன்றும் காணாதது அவருக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை.

அண்டை அயலார் மாறிவிட்டார்கள், மனிதநேயம் குறைந்துவிட்டது என்று மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். என் அனுபவம் வேறு. மக்சிக் மாறவில்லை. எதிர்வீட்டு அங்கிளும் மாறவில்லை. அவர்கள் எங்களைப் பார்க்கக் காரணமாக இருந்த இடத்தை நாங்களே மூடிவிட்டோம். ஒருவரையொருவர் தினமும் காண ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது அப்படிப்பட்ட ஒரு சாக்கு.

இதற்கு மறுப்பு உண்டு என்பதை அறிவேன். ஏடிஸ் கொசு தொட்டித் தட்டில் தேங்கும் நீரில் முட்டையிடும் என்பது உண்மை. அதற்கு 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அபராதமும் உண்டு. ஆனால் முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினால் போதும். தோட்டத்தையே அழிக்க வேண்டியதில்லை. அடுக்குமாடியில் வாழ்பவர்களுக்கு மண் ஏது என்றும் கேட்கலாம். விளிம்புச் சுவரில் தொட்டி வைப்பது கீழே நடப்பவர் உயிருக்கு ஆபத்து, அதைச் செய்யக்கூடாது. கம்பிக் கதவுக்கு உட்புறம் வெளிச்சம் படும் இடத்தில் ஒரு தொட்டி வைக்க முடியும்.

பூ வேண்டுமானால் கடையில் வாங்கலாமே என்பாரும் உளர். கிள்ளானிலிருந்து ரயிலேறிக் கேஎல் சென்ட்ரலில் இறங்கும் நான், பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளைக் கடந்துதான் போகிறேன். அந்தக் கடைகள் நம் பெருமை. கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் அப்படியே. விழாக்காலத்தில் அவை இல்லாமல் நமக்கு ஆகாது. ஆனால் காசு கொடுத்து வாங்கிய பூவோடு கொடுக்கல் வாங்கல் முடிந்துவிடுகிறது. பக்கத்து வீட்டில் கேட்டுப் பறித்த பூவுக்கு மறுநாள் ஒரு தட்டுப் பலகாரமாவது திரும்பிப் போகும்.

தமிழ் பயிலும் நமக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கியிருக்கிறார் என்று நாம் தேர்வில் எழுதி மதிப்பெண் பெறுகிறோம். அவற்றில் எத்தனையை நேரில் கண்டால் நம்மால் பெயர் சொல்ல முடியும்? என்னால் பத்துகூட முடியாது. பூவைப் பார்க்காதவன் வாயில் அதன் பெயர் எத்தனை நாள் தங்கும்?

ஆகவே நண்பர்களே, இந்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் உங்கள் பாட்டியிடமோ அம்மாவிடமோ பூக்களின் பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். வாசலில் டைல்ஸ் போடப் போகிறீர்கள் என்றால் கேட்டோரம் இரண்டடி மண்ணையாவது விட்டுவையுங்கள். நம் கழக விழாக்களுக்குக் கடையில் வாங்கும் பூவோடு, உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலிருந்தோ அண்டை வீட்டிலிருந்தோ ஒரு பூவேனும் கொண்டுவரட்டும்.

நாங்களும் கேட்டோரம் இரண்டடி டைல்ஸைப் பெயர்த்தோம். என் கார் இப்போது வெளியே சாலையோரம் நிற்கிறது. நந்தியாவட்டைக்கு எங்கே போவது என்று தேடியபோது மக்சிக் ஒரு குச்சியைக் கொண்டுவந்து தந்தார். பல ஆண்டுகளுக்கு முன் பாட்டி அவருக்குக் கொடுத்த செடியிலிருந்து ஒடித்த குச்சி அது. பாட்டி சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி, எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அக்டோபர் மழையில் அது துளிர்த்துவிட்டது. காலையில் பாட்டி அதைப் பார்க்க வாசலுக்கு வருகிறார். மக்சிக் அவரைப் பார்க்கிறார்.