நஷ்டத்தில் மட்டும் பங்காளியா?

வியாபாரம் மந்தமாகிவிட்டால் நம் முதலாளிமார்களுக்குத் திடீரென்று குடும்ப பாசம் பொங்கிவிடுகின்றது. "நாமெல்லாம் ஒரே குடும்பம், கஷ்ட காலத்தில் நீங்கள்தான் விட்டுக்கொடுக்க வேண்டும், காலம் திரும்பினால் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஆட்களைக் கூட்டிவைத்துப் பேசுகின்றார்கள். சம்பளத்தில் பிடித்தம், போனசு கிடையாது, பாதிப் பேருக்கு வேலையே கிடையாது என்பதெல்லாம் அந்தக் குடும்பப் பேச்சின் பிற்பகுதி. நல்ல காலத்தில் இலாபத்தைப் பங்கிட்டபோது இந்தக் குடும்பம் எங்கே போயிருந்தது என்று கேட்டாலோ, கேட்டவன் அடங்காப்பிடாரி ஆகிவிடுகின்றான்.

முதலாளிமார் பேச்சில் நமக்கு அவ்வளவு ஆச்சரியமில்லை. தொழிலாளித் தோழர்களின் மனப்பான்மைதான் அதிகக் கவலையைத் தருகின்றது. "படியளக்கிறவர் அவர்; உப்பிட்டவரை நினைக்க வேண்டாமா? அவருக்குக் கிரகம் சரியில்லை, நமக்குத் தலையெழுத்து சரியில்லை" என்கின்றார்கள். தோழர்களே! யார் யாருக்குப் படியளப்பது? மாதச் சம்பளக்காரன் 30 நாள் உழைத்துக் கொடுத்துவிட்டுப் பிறகுதான் கூலிக்குக் கைநீட்டுகின்றான். அந்த 30 நாள் உழைப்பு முதலாளிக்குக் கொடுத்த கடன் அல்லவா? அதற்குப் பத்திரம் உண்டா, ஈடு உண்டா, வட்டிதான் உண்டா? உலகத்தில் மற்ற எல்லாக் கடனிலும் வாங்கினவன் கைகட்டி நிற்கின்றான். இந்த ஒரு கடனில் மாத்திரம் கொடுத்தவன் கைகட்டி நிற்கின்றான். நவக்கிரகங்களைச் சுற்றுவதற்கு முன் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்திருக்கலாம்.

கொரோனாக் காலத்தை யாரும் மறந்திருக்க முடியாது. 2020 மார்ச்சு 25-ந் தேதி ஊரடங்கு வந்தது. 29-ந் தேதி மத்திய உள்துறையார், மூடிக்கிடக்கும் காலத்துக்கும் பிடித்தமின்றிக் கூலி கொடுக்க வேண்டுமென்று உத்தரவு போட்டார்கள். மே 18 முதல் அவ்வுத்தரவு இல்லாமற் போயிற்று. இதற்கிடையில் முதலாளிமார் சிலர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். ஜூன் 12-ந் தேதி கோர்ட்டார், அந்த 50 நாள் கூலி விஷயத்தை இரு கட்சியாரும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், முதலாளிகள்மீது கடுமையான நடவடிக்கை வேண்டாம் என்று இடைக்கால உத்தரவு செய்தார்கள். பேசித் தீர்ப்பது நல்ல வார்த்தைதான். ஆனால் பேச வேண்டிய தொழிலாளி அப்போது எங்கே இருந்தான்? திருப்பூரிலும் சூரத்திலும் வேலை செய்த எத்தனையோ பேர் பீகாருக்கும் ஒடிசாவுக்கும் போய்விட்டிருந்தார்கள். நடந்தே கிளம்பினவர்களும் உண்டு. ஊரிலேயே இருந்தவனுக்கோ நாளைக்கு அரிசி வேண்டும். ஆறு மாதம் காத்திருக்கக் கூடியவரும் ஆறு நாள் காத்திருக்க முடியாதவனும் எதிரெதிரே உட்கார்ந்தால், அதற்குப் பேச்சு என்று பெயரா?

நிற்க, எல்லா முதலாளியும் ஒரே தராசில் நிற்கின்றவர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. பெரிய கம்பெனிக்கு உதிரிச் சாமான் செய்து கொடுத்துவிட்டு, அந்தப் பணத்துக்கு மாதக்கணக்கில் நடக்கும் சிறு பட்டறைக்காரர், ஆட்களுக்குக் கூலி கொடுக்க மனைவியின் நகையை அடகு வைப்பதும் உண்டு. அவர் நிலைமை மெய்யாகவே கஷ்டந்தான். நமது கட்சியெல்லாம், கஷ்டம் மெய்யானால் அது கணக்கில் தெரியுமல்லவா என்பதுதான். கணக்கைக் காட்டிவிட்டுக் கேட்டால் விட்டுக்கொடுக்கத் தொழிலாளியும் தயங்கமாட்டான்.

இது நடக்கக் கூடியதா என்று கேட்பவர்கள் 2009-ல் ஜெர்மனி தேசத்தில் நடந்ததைப் பார்க்கலாம். அவ்வருஷம் அந்நாட்டு உற்பத்தி 5 சதவிகிதத்துக்கு மேல் சுருங்கிப் போயிற்று. என்றாலும் அங்கே ஆட்களைக் கூட்டமாக வெளியே தள்ளவில்லை. வேலை நேரத்தைக் குறைத்தார்கள். குறைந்துபோன நிகரச் சம்பளத்தில் 60 சதவிகிதத்தை, பிள்ளை குட்டிக்காரருக்கு 67 சதவிகிதத்தை, வேலையின்மை இன்ஷ்யூரன்சு நிதியிலிருந்து கொடுத்தார்கள். மும்முரமான சமயத்தில் 14 லட்சம் பேர் இந்த ஏற்பாட்டில் இருந்தார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது, வேலை குறைந்துவிட்டதென்று முதலாளி வாயால் சொன்னால் போதாது என்பதாகும். அதைத் தொழில் இலாகாவுக்கு ருசுப்படுத்த வேண்டும். தொழிலாளர் தேர்ந்தெடுத்த சபை உள்ள தொழிற்சாலையில் அச்சபையின் சம்மதமும் வேண்டும். அந்தச் சபையில் உட்காருகின்றவர்களும் நம்மைப்போல் எண்ணெய்க் கறை படிந்த கைக்காரர்களே.

ஆகவே, அடுத்த தடவை முதலாளி ஆட்களைக் கூட்டி "ஒரே குடும்பம்" என்று ஆரம்பித்தால், தோழர்கள் தனித்தனியாகப் போய்த் தலையைச் சொறியாமல், சங்கமாகப் போய் வரவு செலவுப் புத்தகத்தைக் கேட்க வேண்டும். முதலாளியின் வீட்டுச் செலவும் காரும் எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றன, பிடித்தம் அவருக்கும் உண்டா, காலம் திரும்பினால் பிடித்ததைத் திருப்பிக் கொடுக்கும் தேதி எது என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். எஜமானரிடம் கணக்குக் கேட்பது அவருக்கு அவமானமல்லவா என்று சிலர் பதறக் கூடும். அவரே பாங்கிக்குக் கடனுக்குப் போகும்போது கணக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகின்றார். வருமானவரி அதிகாரி கேட்டாலும் எடுத்துக் காட்டுகின்றார். அங்கெல்லாம் போகாத மானம், 30 நாள் கடன் கொடுத்துவிட்டு வாசலில் நிற்கின்றவன் கேட்கும்போது மாத்திரம் எப்படிப் போய்விடும்?