ரெண்டு கொப்பி இருக்கு, ஆனா பக்கப் இல்லை

ஐடி வேலை செய்யிற நண்பர்களோட கதைக்கேக்க அடிக்கடி காதில விழுகிற வசனம் ஒண்டு இருக்கு: "யோசிக்காத மச்சான், றெப்ளிக்கா ஓடுது." இந்த வசனத்தில எனக்கு நம்பிக்கை இல்லை. ஏன் எண்டு சொல்லுறன்.

றெப்ளிக்கேஷன் நல்ல விசயம்தான். பிரதான டேற்றாபேசில நடக்கிற ஒவ்வொரு மாற்றமும் ஒரு பதிவாக எழுதப்பட்டு, வேற இடத்தில இருக்கிற இன்னொரு சேர்வருக்குப் போகும். முதலாவது விழுந்தால் ரெண்டாவது வேலையை எடுத்துக்கொள்ளும். பாவிக்கிற ஆளுக்கு ஒண்டும் தெரியவராது. ஆனால் றெப்ளிக்கா கேள்வி கேக்காத பிள்ளை. நீங்கள் தவறுதலாக ஒரு ரேபிளை அழித்தால், சில செக்கனில அதுவும் விசுவாசமாக அழிக்கும். சேர்வர் பழுதுக்கு அது மருந்து. மனிசன் விடுகிற பிழைக்கு மருந்தில்லை.

2017 ஜனவரி 31 இரவு கிற்லாப் நிறுவனத்தில நடந்தது இதுக்குப் பாடப்புத்தகம் மாதிரி. ரெண்டாவது சேர்வர் பின்தங்கிப்போனதால, அதைத் திருப்பி ஒழுங்காக்க ஒரு பொறியியலாளர் அதில இருந்த தரவை அழிக்க நினைத்தார். கட்டளையைக் குடுத்தது பிரதான சேர்வரில. உடனே நிப்பாட்டியும் சுமார் 300 ஜிபியில 4.5 ஜிபிதான் மிஞ்சியது. சரி, பக்கப்பை எடுப்பம் எண்டு போனால், அதுவும் கனகாலமாக ஓடவே இல்லை. மென்பொருள் பதிப்புப் பொருந்தாமல் ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டு இருந்திருக்கு. தோற்றதை அறிவிக்கிற ஈமெயில்களையும் மெயில் சேர்வர் நிராகரித்துவிட்டது! வேறொரு தேவைக்காக ஆறு மணித்தியாலத்துக்கு முன்னம் தற்செயலாக எடுத்த ஒரு ஸ்னப்ஷொட்தான் அவையளைக் காப்பாற்றியது. நடந்த எல்லாத்தையும் மறைக்காமல் பகிரங்கமாக எழுதினவை. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

இனி எங்கட நாட்டுக்கு வருவம். 2023 ஓகஸ்ட் 26 லங்கா கவர்மண்ட் கிளவுட்டை றான்சம்வெயார் தாக்கியது. அரச மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000. சேவையைக் கெதியில திருப்பிக் கொண்டுவந்தார்கள்தான். ஆனால் மே 17 இலிருந்து அண்டைக்கு வரைக்குமான மின்னஞ்சல்கள் போனது போனதுதான். இணைப்பிலேயே இருந்த பக்கப்பும் சேர்ந்து பூட்டப்பட்டது. இணைப்புக்கு வெளிய வைத்திருக்கிற கொப்பி அந்தக் காலத்துக்கு இல்லை. மெயில் மென்பொருளும் ஆதரவு முடிந்த 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. புதுப்பிக்கக் காசில்லை எண்டது காரணமாம்.

மூண்டு மாதக் கடிதங்கள் எண்டால் பெரிய விசயமா எண்டு கேக்கலாம். கொழும்பில இருக்கிறவர் ஃபைலைக் கையில எடுத்துக்கொண்டு திரும்ப ஒருக்கால் கந்தோருக்குப் போவார். முல்லைத்தீவில இருந்து விண்ணப்பம் அனுப்பின ஆளுக்கு அது ஒரு நாள் பஸ், ஒரு நாள் சம்பளம்.

எங்கட அம்மம்மா கொம்பியூட்டரைத் தொட்டதே இல்லை. இடம்பெயரேக்க பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி எல்லாம் ஒரு ஷொப்பிங் பையில அவவோடயே வரும். ஆனால் அதுக்கு முன்னமே எல்லாத்திலயும் ஒவ்வொரு போட்டோக்கொப்பி எடுத்து, கொழும்பில இருந்த சித்தப்பாவிட்டக் குடுத்து வைச்சிருந்தா. பை தண்ணியில ஊறினபோது சித்தப்பாவின்ர கொப்பிக்கு ஒண்டும் ஆகேல்லை. இஞ்ச நடக்கிறது அங்க இருக்கிற கடதாசிக்குத் தெரியாது. பக்கப் எண்டால் எனக்கு அதுதான்: மூலத்தோட தொடர்பில்லாமல், தூரத்தில, பழைய நிலையில இருக்கிற ஒரு கொப்பி.

ஆகவே ஒரு திணைக்களமோ வங்கியோ "எங்களிட்ட ரெண்டு டேற்றா சென்ரர் இருக்கு" எண்டு பெருமை பேசினால், கடைசியாக எப்ப பக்கப்பில இருந்து திருப்பி எடுத்துப் பார்த்தனீங்கள் எண்டு கேக்க வேணும். திகதி சொல்லத் தெரியாட்டி, இல்லை எண்டுதான் அர்த்தம்.

இதைக் கேக்கிற நாங்களும் யோக்கியமில்லை. போன மாதம் எங்கட சின்னக் குழு சேர்த்து வைச்சிருக்கிற வாய்மொழிப் பதிவுகளின்ர டேற்றாபேசை, வெளி ஹார்ட் டிஸ்கில இருந்து ஒரு வெறும் மடிக்கணினியில ஏத்திப் பார்த்தம். நாலு மணித்தியாலம் எடுத்தது. ஒலிக்கோப்புகள் எல்லாம் வந்தது. பேசினவையின்ர பேர், ஊர் இருந்த ரேபிள் மட்டும் வெறுமையாக இருந்தது. இப்ப ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு ஏத்திப் பார்க்கிறம்.