பள்ளித் தோட்டத்துக்கு ஏற்ற பருவம் எது?

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஆங்காங்கே ஒரு காட்சியைக் காணலாம். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். குழி தோண்டுவார்கள், கன்று நடுவார்கள். அதே உற்சாகத்தில் கிணற்றோரம் நான்கு பாத்தி கட்டிக் கத்தரியும் தக்காளியும் வைப்பார்கள். ஆடிக் காற்று அடித்து ஓயும்போது பாத்தியில் காய்ந்த குச்சிகள்தாம் நிற்கும். "பிள்ளைகள் ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றவில்லை" என்ற பழி உங்கள் தலையில் விழும்.

மாணவர்களே, பிழை உங்களுடையதன்று, பருவத்தினுடையது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் வீட்டுத் தோட்டமானாலும் பள்ளித் தோட்டமானாலும் புரட்டாசிக் கடைசியில்தான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஜூன் 5 எப்படி வந்தது? 1972-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரில் மனிதச் சுற்றுச்சூழல் பற்றிய ஐக்கிய நாடுகள் மாநாடு அன்றுதான் தொடங்கியது. அதன் நினைவாகவே அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். திருச்சுழியில் எப்போது மழை பெய்யும் என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. கேரளத்தில் அந்த நாள் தென்மேற்குப் பருவமழையின் வாசலில் வருகிறது. நமக்கோ மேற்குத் தொடர்ச்சி மலை அந்த மழையை மறித்துவிடுகிறது. மலையைத் தாண்டி வருவது பெரும்பாலும் வறண்ட காற்றே. நம் பகுதியின் ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. கரிசல்காட்டு விவசாயி இதை அறிந்தவர். ஆடிப் பட்டம் தேடி விதை என்று ஊரெல்லாம் சொன்னாலும், மானாவாரிப் பருத்தியையும் சோளத்தையும் உளுந்தையும் அவர் புரட்டாசியில்தான் விதைக்கிறார். பள்ளிக்கூடத்து மதிலுக்கு வெளியே தெரிந்த இந்த உண்மை உள்ளே வரக் காணோம்!

"கார்த்திகை, மார்கழியில் செடி மெதுவாகத்தானே வளரும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பிரெஞ்சு அறிஞர் ரேமுர் 1735-ஆம் ஆண்டிலேயே இதற்கு ஒரு கணக்கு வகுத்தார். பயிர் நாள்களை எண்ணி வளர்வதில்லை. தான் பெற்ற வெப்பத்தைக் கூட்டிக் கூட்டி வளர்கிறது என்பது அவர் கருத்து. உதாரணமாக, 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வளராத ஒரு செடி, பூப்பதற்கு 900 வெப்ப அலகுகள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மே மாதத்தில் நாளின் சராசரி வெப்பநிலை 32.5 டிகிரி என்றால் நாளொன்றுக்கு 22.5 அலகு சேரும். 40 நாளில் பூக்கும். மார்கழியில் சராசரி 25 டிகிரி என்றால் நாளொன்றுக்கு 15 அலகுதான், 60 நாளாகும். இருபது நாள் தாமதம்.

ஆனால் இந்தக் கணக்கு ஒன்றைச் சொல்லாமல் விடுகிறது. கோடையில் விரைந்து பூத்த தக்காளி காய்க்குமா? பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுக்கமாக இருந்தால் தக்காளியின் மகரந்தம் வலுவிழந்துவிடும். பூ பிஞ்சு பிடிக்காமல் உதிரும். நம் ஊர் இரவு 20 டிகிரியை ஒட்டி இறங்குவது மார்கழி, தையில்தான். அப்போது பூத்த பூ காயாகிறது. இருபது நாள் பிந்திக் காய்ப்பது மேலா, முந்திப் பூத்து உதிர்வது மேலா?

அவரையின் கதை இன்னும் வியப்பானது. பழைய பந்தல் அவரை விதையைச் சித்திரையில் ஊன்றிப் பாருங்கள். கொடி கூரையெல்லாம் படரும். பூ மட்டும் வராது. அது வெப்பத்தை மட்டுமல்ல, இரவின் நீளத்தையும் அளக்கிறது. நம் பகுதியில் ஜூன் மாதப் பகலுக்கும் டிசம்பர் மாதப் பகலுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரமே வேறுபாடு. அந்த ஒரு மணி நேரத்தை அவரை கண்டுகொள்கிறது! பகல் குறுகி, இரவு நீண்டால்தான் பூக்கிறது. செடிகளின் இந்தப் பண்பை 1920-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்கள் கார்னரும் அல்லார்டும் புகையிலைச் செடியைக் கொண்டு விளக்கினார்கள். மார்கழியில் அவரைப் பந்தலில் கொத்துக் கொத்தாகக் காய் தொங்குவதன் இரகசியம் இதுதான்.

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி தண்ணீர். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 1 மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் நீர் சரியாக 1 லிட்டர். தட்டையான ஒரு தகரத் தட்டில் நீர் ஊற்றி வெயிலில் வைத்து, ஒரு நாளில் எவ்வளவு குறைகிறது என்று அளவுகோலால் அளந்து பாருங்கள். மார்கழியில் 4 மில்லிமீட்டர் குறைந்தால், 4 சதுர மீட்டர் பாத்திக்கு நாளொன்றுக்கு 16 லிட்டர் போதும். அதாவது ஒரு பிளாஸ்டிக் குடம். கோடையில் அதே தட்டில் ஏறத்தாழ இரு மடங்கு குறைவதைக் காண்பீர்கள். அடுத்த தெருக் குழாயிலிருந்து அம்மாவோ அக்காவோ இடுப்பில் சுமந்து வரும் இரண்டாவது குடம் அது. அரிசி களைந்த நீரும் காய் கழுவிய நீரும் முதல் குடத்தின் பெரும்பகுதியை ஈடுசெய்யும். சோப்பு நீரை மட்டும் கரிசல் மண்ணில் ஊற்ற வேண்டாம். அதிலுள்ள சோடியம் களிமண்ணின் கட்டமைப்பைக் குலைத்து மண்ணை இறுக்கிவிடும். உவர்க் கிணற்று நீர் ஊற்றும் வீடுகளுக்கு ஐப்பசி மழை இன்னொரு உதவியும் செய்கிறது. மண்ணில் படிந்த உப்பைக் கரைத்துக் கீழே இறக்கிவிடுகிறது.

குளிர் பருவத்தில் தொல்லையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அடைமழையில் கரிசல் நீரைக் கோத்துக்கொள்ளும், வேர் அழுகும். எனவே மேட்டுப்பாத்தி தேவை. பனிக்காலத்தில் அவரைக் கொழுந்தில் அசுவினி கறுப்பாய் மொய்க்கும். வெண்டை இலையில் சாம்பல் நோய் வரும். ஒவ்வொரு நாளும் காலையில் ஐந்து நிமிடம் இலையைப் புரட்டிப் பார்க்காதவர் தோட்டம் வைத்துப் பயனில்லை. அரையாண்டுத் தேர்வு குறுக்கே வருமே என்றால், அப்போதுதான் மெதுவாக வளரும் செடி நல்ல துணை. நான்கு நாள் கவனிக்காவிட்டாலும் மார்கழிச் செடி பொறுக்கும்; மே மாதச் செடி பொறுக்காது.

நம் மண்ணுக்கே உரிய ஒரு காயைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதலைக்காய். பாகல் இனத்தைச் சேர்ந்த சிறு காய். இதை யாரும் விதைப்பதில்லை. கோடை முழுவதும் கரிசலுக்கடியில் கிழங்காக உறங்கிக் கிடந்து, ஐப்பசி மழை பட்டதும் கொடியாகக் கிளம்பும். கார்த்திகை, மார்கழியில் சந்தைகளில் கூறு கட்டி விற்பார்கள். பறித்த அன்றே சமைத்துவிட வேண்டும். இல்லையேல் காய் வெடித்து விதை சிதறிவிடும். கசப்புத்தான், ஆனால் வதக்கிப் பொரியலாக வைத்தால் தட்டில் மிஞ்சாது. சுண்ணாம்புச் சத்து பாகற்காயைவிட அதிகம். வயலில் இதைக் களை என்று கருதி அழிப்பவர்கள் உண்டு. இதன் விதை எளிதில் முளைக்காது. கிழங்கைத்தான் நட வேண்டும். உழவின்போது மேலே வரும் கிழங்கு ஒன்றைக் கேட்டு வாங்கிப் பழைய மண்பானையில் கரிசல் மண் நிரப்பிப் புதைத்துவையுங்கள். கோடையில் அதற்குத் தண்ணீர் வேண்டாம். பானையைப் பார்த்து வீட்டார் சிரித்தால் சிரிக்கட்டும்.

உங்கள் தலைமையாசிரியரிடம் ஒரு விண்ணப்பம் வையுங்கள். ஜூன் 5 அன்று பேச்சுப்போட்டி நடத்துவோம், குழி மட்டும் வெட்டுவோம்; நடுவதைக் காந்தி ஜயந்தி முடிந்த வாரத்தில் வைத்துக்கொள்வோம் என்று கேளுங்கள். செப்டம்பரின் நடுவில் பழைய தகரங்களில் கத்தரி, தக்காளி நாற்று விட்டால் அதற்குள் நடவுக்கு வந்துவிடும். அவரையையும் வெண்டையையும் நேராக ஊன்றலாம். பொங்கல் விடுமுறைக்குள் முதல் காய் பறிக்கலாம். அவரையில் முதலில் திரண்ட நெற்றுகளைக் கறிக்குப் பறிக்காமல் கொடியிலேயே காயவிட்டு, விதையைச் சாம்பலில் புரட்டி மூடிவைத்தால் அடுத்த புரட்டாசிக்கு விதைக்கடைக்குப் போக வேண்டியதில்லை.