பைரன் பிரபுவின் ‘கிரேக்க’ உடை

பொன்சரிகை மின்னும் செந்நிற வெல்வெட் மேற்சட்டையோடும் தலையில் சுற்றிய கோடிட்ட சால்வையோடும் நிற்கும் பைரன் பிரபுவின் உருவப்படம் எங்கே அச்சேறினாலும், கிரேக்க விடுதலைக்கு உயிர் கொடுத்த ஆங்கிலக் கவிஞர் அந்நாட்டு மரபுடையில் காட்சி தருகிறார் என்ற படக்குறிப்பும் உடன் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. படத்தைப் பார்க்கும் சிரமம் குறிப்பெழுதுவோருக்கு நேர்ந்ததாகத் தெரியவில்லை.

ஓவியர் தாமஸ் ஃபிலிப்ஸ் இப்படத்தை இலண்டனில் தீட்டியது 1813இல். ஒட்டோமான் ஆட்சிக்கு எதிராகக் கிரேக்கர் கிளர்ந்தெழுந்ததோ 1821இல். எட்டாண்டுகளுக்குப் பின் மூளவிருந்த போருக்கு முன்கூட்டியே உடை தேடிக்கொண்ட தீர்க்கதரிசியாகப் பைரனைக் கொள்வோர் அவ்வாறே கொள்ளட்டும்.

உடையின் பிறப்பிடம் இன்னும் சங்கடமானது. 1809இல் ஒட்டோமான் பேரரசின் ஆளுநரான அலி பாஷாவை அல்பேனியாவின் தெபெலெனில் கண்டு, அவருடைய அல்பேனியப் படையினரின் கோலத்தில் மயங்கிய பைரன், ஐம்பது கினி விலையில் வாங்கிய அத்தகைய உடைகள் இங்கிலாந்தில் இருநூறு கினி பெறும் என்று தாய்க்குக் கடிதம் எழுதினார். (கினி என்பது அந்நாளில் இருபத்தொரு ஷில்லிங் மதிப்பிருந்த ஆங்கிலப் பொன் நாணயம்.) பின்னாளில் கிரேக்கப் போரின் மறவர்களாகப் போற்றப்பட்ட சூலியோத்தியரை 1803இல் அவர்தம் மலைகளிலிருந்து துரத்தியவரும் இதே அலி பாஷாதான்; விடுதலைச் சின்னத்துக்கு வாய்த்த பின்புலம் இது! 1814இல் ராயல் அகாடமி என்னும் கலைக்கழகத்தில் படம் வைக்கப்பட்டபோது, அல்பேனிய உடையில் ஓர் உயர்குடியாளர் என்றே தலைப்பிடப்பட்டது.

கிரேக்கர், அல்பேனியர் ஆகிய இருசாரார் உடையும் ஒத்திருந்ததே என்பர். ஒத்திருந்தது, ஆயினும் ஓவியத்தின் தலைப்பு அதனால் மாறிவிடாது.

உடை உள்ளத்தின் உறுதிமொழி என்ற வாதமோ பைரனின் கையெழுத்தின் முன்னேயே நிற்கமாட்டாது. 1814இல் மெர்சர் எல்ஃபின்ஸ்டன் என்னும் சீமாட்டிக்கு அவ்வுடையை அனுப்பிவைத்தவர், ஃபிலிப்ஸுக்காக அரைமணி நேரம் அணிந்ததைத் தவிர இங்கிலாந்தில் அதை உடுத்தியதே இல்லை என்றும், அதைக் கைகழுவுவதில் தமக்கு மகிழ்ச்சியே என்றும் உடன் எழுதினார். இலட்சியத்தை யாரும் இவ்வளவு இலகுவாகப் பொட்டலம் கட்டி அனுப்புவதில்லை. உண்மையிலேயே போருக்குத் துணைபோக 1824 ஜனவரியில் கிரேக்கத்தின் மெசொலோங்கியில் கரையிறங்கியபோதோ, அவர் அணிந்திருந்தது செந்நிறப் படைச்சீருடை. அல்பேனிய வெல்வெட் அப்போது அச்சீமாட்டியின் வசம் இருந்தது.