விளையாடுகிற பனியே குடிக்கிற தண்ணீர்!

பனிக்காலத்து ஞாயிற்றுக்கிழமை காலையில், நார்வே தேசத்தின் தலைநகரான ஆஸ்லோவில், முதல் நம்பர் மெட்ரோ ரயிலை எட்டிப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, வாண்டுகள் எல்லோர் கையிலும் நீள நீளமாய்க் கட்டைகள்! தச்சுப் பட்டறைக்கா போகிறார்கள் என்று கேட்காதீர்கள். அவைதான் ஸ்கீ என்கிற சறுக்குக் கட்டைகள்.

ரயில் மலையேறி ஃப்ரோக்னர்செட்டெரென் என்ற கடைசி ஸ்டேஷனில் நிற்கிறது. 1916-ஆம் வருஷமே இதுவரை தண்டவாளம் போட்டுவிட்டார்கள். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரே நோர்மார்க்கா காடு. கார் வேண்டாம், பெட்ரோல் புகை வேண்டாம். காலில் கட்டையைப் பூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்!

காட்டுப் பாதைகளில் சறுக்கிச் செல்வதற்குக் கட்டணம் கிடையாது. 1883-ல் தொடங்கிய ஸ்கீ சங்கம் ஒன்று நகரசபையோடு சேர்ந்து பாதைகளைச் சீர்செய்து வைக்கிறது. இரண்டு கால்களையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு பாய்கிற ஸ்னோபோர்டு பிரியர்களுக்கு, அதே காட்டில் டிரைவான் குன்றுச் சரிவு இருக்கிறது. அங்கே மட்டும் டிக்கெட் வாங்க வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கோ சறுக்கு வண்டி. சுமார் இரண்டு கிலோமீட்டர் தூரம் வழுக்கி இறங்கிவிட்டு, கீழேயுள்ள ஸ்டேஷனில் ரயிலேறி மறுபடியும் உச்சிக்கு வந்துவிடலாம்!

பட்சணம் இல்லாமல் பிரயாணமா? ஆரஞ்சுப் பழம், சாக்லேட், பிளாஸ்கில் சூடான கோகோ எல்லாம் பைக்குள் இருக்கும். போதாவிட்டால் காட்டு விடுதிகளில் ஜாம் தடவிய வாஃபிள் கிடைக்கும்.

தலைநகரை ஒட்டிய காட்டை வீட்டு மனையாக்க ஆசைப்படுகிறவர்கள் எந்த ஊரில்தான் இல்லை? இது எப்படிப் பிழைத்தது என்று கேட்பீர்கள். ஜனங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. 1946-ல் காட்டின் குறுக்கே பெரிய மின்சாரக் கம்பி இழுக்கும் திட்டம் வந்தபோது, ஆயிரக்கணக்கானோர் திரண்டு எதிர்த்தார்கள். காடுமலைகளில் எவரும் நடந்து திரியலாம் என்ற உரிமையை 1957-ல் சட்டமே உறுதி செய்தது. இஷ்டம்போல் மோட்டார் வண்டி ஓட்டுவதை 1977-ல் தடுத்தார்கள். 2009-ல் இந்தக் காட்டுப் பிரதேசத்துக்கென்றே தனிச் சட்டம் வந்து, கட்டடம் எழுப்புவதற்கு வாய்ப்பூட்டுப் போட்டுவிட்டது.

இத்தனை பிடிவாதம் விளையாட்டுக்காக மட்டும்தானா? குடும்பத் தலைவிகள் கவனிக்க வேண்டிய சங்கதி இங்கேதான் இருக்கிறது. இந்தக் காட்டில் உருகும் பனியில் பெரும்பகுதி ஓடை ஓடையாய் இறங்கி, மாரிதால்ஸ்வான் என்ற ஏரியில் சேருகிறது. பெயரில் 'மாரி' இருப்பது தற்செயல்தான். ஆனாலும் என்ன பொருத்தம்! ஆஸ்லோ நகரத்தின் குடிநீரில் சுமார் 90 சதவீதம் இந்த ஏரியிலிருந்துதான் வருகிறது. அதில் ஒருவரும் குளிக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை குழந்தை சறுக்கி விளையாடிய பனி, கோடையில் அதே குழந்தையின் தம்ளருக்கு வந்துவிடுகிறது!

அப்படியானால் கட்டையின் அடியில் தடவுகிற மெழுகையும் கவனிக்க வேண்டும் அல்லவா? வேகமாக வழுக்குவதற்காகப் பல வருஷங்கள் ஃப்ளோரின் கலந்த மெழுகைத் தடவினார்கள். அந்த ரசாயனம் லேசில் அழியாது. ட்ரோண்ட்ஹெய்ம் நகரின் கிரானோசென் சறுக்கு மைதானத்தைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று 2019-ல் வெளிவந்தது. சறுக்குவோர் போகாத இடத்தைவிட அங்கே மண்ணிலும், மண்புழுவிலும், காட்டெலியிலும் அந்த ரசாயனங்கள் அதிகமாக இருந்தனவாம். சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம் 2023-24 பருவத்திலிருந்து தன் போட்டிகளில் இந்த மெழுகுக்கு முழுத்தடை விதித்துவிட்டது. சட்டம் போட்டியைத்தான் பார்க்கும். வீட்டு அலமாரியில் மிஞ்சிக் கிடக்கும் பழைய டப்பாவை வீட்டிலுள்ளவர்கள்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு கவலையும் உண்டு. பூமி சூடாகிப் பனிக்காலம் குறுகி வருகிறது. இயந்திரத்தால் பனி செய்யலாம். ஆனால் அதற்குத் தண்ணீரும் மின்சாரமும் ஏராளமாய் வேண்டும்.

ஆஸ்லோவில் ஈழத் தமிழ்க் குடும்பங்கள் பல இருக்கின்றன. உங்கள் அக்காளோ மகளோ அங்கே இருந்து, "பிள்ளை ஸ்கீ கேட்கிறான்" என்று சொன்னால், தாராளமாய்ப் போகச் சொல்லுங்கள். காரை வீட்டில் விட்டுவிட்டு ரயிலில் போகட்டும். வளர்கிற பிள்ளைக்கு வருஷந்தோறும் புதுக்கட்டை வாங்காமல், இலவசமாக இரவல் தரும் நிலையத்தில் எடுக்கட்டும். மெழுகு வாங்கும்போது ஃப்ளோரின் இல்லாததா என்று ஒருமுறை கேட்கட்டும்.

தண்ணீரின் அருமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலடியில் கிடப்பதும் நாளைய குடிதண்ணீர்தான் என்று குழந்தைக்குச் சொல்லிவிட்டால், அப்புறம் அது எவ்வளவு வேண்டுமானாலும் விழுந்து புரண்டு விளையாடட்டுமே!