கணனியும் நாமும்: கழற்றி வைத்த வன்தட்டைக் காப்பது எவ்வாறு?

சென்ற மாதம் நண்பர் ஒருவர் கடைப் பையொன்றில் சுற்றிய வன்தட்டொன்றை எம்மிடம் கொண்டுவந்தார். பழுதடைந்த கணனியிலிருந்து கழற்றி, நிலக்கீழறையில் ஆறு ஆண்டுகளாக வைத்திருந்தாராம். அன்னாருடைய தாயாரின் ஒரேயொரு படத்தின் பிரதி அதற்குள் இருந்தது. மூலப்படம் இடப்பெயர்வின்போது தொலைந்துபோயிற்று. மின்னிணைப்புக் கொடுத்துப் பார்த்தோம், தட்டுச் சுழலவில்லை. இந்நிலை வேறெவருக்கும் நேரலாகாது என்பதாலேயே இவ்வாரம் இதனை எழுதுகின்றோம்.

1956 இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதலாவது வன்தட்டுச் சாதனத்தில் 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் இருந்தன. இன்றைய வன்தட்டோ உள்ளங்கையில் அடங்குகின்றது. அது இயங்கும்போது தட்டுக்கும் வாசிக்கும் முனைக்கும் இடையேயுள்ள இடைவெளி சில நனோமீற்றர் மட்டுமே. புகைத்துகள்கூட அதனிலும் பெரிது. இத்தகைய நுண்பொறிக்குப் பகை மூன்று.

முதலாவது நிலைமின். குளிர்காலத்தில், வெப்பமூட்டிய அறைகளின் காற்று உலர்ந்துவிடும். கம்பள விரிப்பில் நடந்து கதவின் கைப்பிடியைத் தொடும்போது சுரீரென்று தாக்குவது இதுவே. நாம் உணராத அளவு நிலைமின்னும் சுற்றுப்பலகையைப் பழுதாக்கக்கூடும். ஆகவே, உலோகப் பொருளொன்றைத் தொட்டபின், வன்தட்டின் ஓரங்களை மட்டும் பிடியுங்கள். சாதாரண பொலித்தீன் பையை விலக்கி, நிலைமின் தடுப்புப் பையில் இடுங்கள்.

இரண்டாவது ஈரம். புதுச் சப்பாத்துப் பெட்டிகளில் கிடைக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உடன் வையுங்கள். நிலக்கீழறையும் வாகனக் கொட்டகையும் ஏற்றவையல்ல. குளிரிலிருந்து உள்ளே கொண்டுவந்தால், பையைத் திறவாது சில மணிநேரம் விட்டு, அறை வெப்பநிலைக்கு வந்தபின்னரே இணையுங்கள். அன்றேல் உள்ளே நீர் படியும்.

மூன்றாவது அதிர்ச்சி. பஞ்சணை இட்ட பெட்டியில், விழுந்துவிடாத தாழ்வான தட்டில் வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். உள்ளிருப்பதையும் திகதியையும் பெட்டியின்மேல் எழுதுங்கள். பெரும்பாலான வன்தட்டுகளில் காற்றுச் செல்லும் சிறு துளையுண்டு. அதன்மேல் எதனையும் ஒட்டாதீர்கள்.

இத்தனை செய்தாலும் வன்தட்டு நிலையானதன்று. ஆண்டுக்கொரு முறையேனும் இயக்கிப் பாருங்கள். சில ஆண்டுகளுக்கொரு முறை புதியதொன்றிற்குப் படியெடுங்கள். யாவற்றிலும் முக்கியமாக, இன்னொரு பிரதியை வேறொரு வீட்டில் வையுங்கள். உடன்பிறந்தோர் பல நாடுகளில் சிதறி வாழ்வது எமது துயரம். இவ்வொரு விடயத்தில் மட்டும் அதுவே எமக்குக் காப்பு.